ஊருக்காகத் தாகம் எடுப்பவர்

ஏரி நிறையத் தண்ணீரும் தெரு நிறையக் காலிக் குடங்களுமாக ஒரு நாடு இருந்தது. வாய்கரை நாடு என்று பேர். ஆளாளுக்குத் தாகம் எடுத்தால் ஒழுங்கு கெடும் என்று, அங்கே ஐந்து வருஷத்துக்கு ஒருவரைத் தேர்ந்தெடுத்து ஊரின் தாகத்தை அவரிடம் ஒப்படைப்பார்கள். அவர் தாகம் என்றால்தான் மதகு திறக்கும். மற்றவர் கேட்டால் குற்றம். எவன் போட்ட சட்டமோ, அவன் வீட்டில் கிணறு இருந்திருக்கும்.

தேர்ந்தெடுக்கப்பட்ட மகிமைநாதர் தலைநகரில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். தாகம் எங்கிருந்து வரும்?

ஜனங்கள் முணுமுணுத்தார்கள். உடனே ஒரு அரசாணை வந்தது: ஆட்சி மக்களை நெருங்க வேண்டும், ஆகவே பிரதிநிதி ஊருக்கே வந்து தாகம் எடுப்பார்.

ஊருக்குத் தலைகால் புரியவில்லை. சீக்கிரம் தாகம் எடுக்கட்டும் என்று அவருக்குக் கருவாட்டுக் குழம்பு வைத்து விருந்து போட்டார்கள். மனிதர் வெளுத்துக்கட்டிவிட்டு, "தண்ணி, தண்ணி!" என்று கத்தினார். பதறிப்போய், ஊரில் தண்ணீர் மிச்சமிருந்த ஒரே குடத்தைத் தூக்கி வந்து நீட்டினார்கள். அது செம்பாயியின் குடம். பிள்ளை பெற்றுக் கிடக்கும் மகளுக்குக் கஞ்சி வைக்க ஒளித்து வைத்திருந்தாள். ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு ஏப்பம் விட்டார்.

மதகு அதிகாரி எழுந்து நின்று அறிவித்தார்: "ஊரின் தாகம் தீர்ந்தது. மதகு திறக்க முகாந்திரம் இல்லை."

"அப்ப என் நாக்கு ஏன்யா அண்ணத்துல ஒட்டுது?" என்றாள் செம்பாயி.

"அது தாகம் இல்லம்மா. உன்னோட சொந்தக் கருத்து."

ஜனங்கள் நாக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். தாகமா கருத்தா, ஒருவருக்கும் விளங்கவில்லை.

செம்பாயி விடுவிடுவென்று கரையேறி மதகின் கைப்பிடியைப் பிடித்தாள்.

"நில்லு! யாருக்குப் பதிலா வந்திருக்க?"

"யாருக்கும் பதிலா வரல. நான்தான் வந்திருக்கேன்."

அதிகாரி திருதிருவென்று விழித்தார். நான்தான் என்று வருகிறவளை என்ன செய்வதென்று சட்டத்தில் இல்லை. அவள் திருகினாள். மதகடியில் தண்ணீர் கசிந்தது.

"தனியா முடியலடா! ஆளுக்கொரு கை பிடிங்க!"

கீழே கூட்டம் ஆர்ப்பரித்தது. "ஆத்தா, இனி எங்க தாகம் உங்கிட்டதான்! எங்களுக்கும் சேத்து நீயே எடு!"

"அட கூறுகெட்டவங்களா, கை குடுங்கடா!"

கைதட்டலில் அது யார் காதிலும் விழவில்லை. மாலை ஒன்று பறந்து வந்து அவள் கழுத்தில் விழுந்தது. செம்பாயி ஒரு கணம் குழம்பினாள். மாலை விழுந்தால் கும்பிட வேண்டுமே. கும்பிட இரண்டு கையும் வேண்டுமே.

கைப்பிடியை விட்டாள். மதகு பொத்தென்று மூடிக்கொண்டது.