தனியே ஒரு பின்னேரம்

வேலப்போடி அன்றைக்கும் வந்துவிட்டார். வந்தவர் சேர்ட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, சிவபாதத்தின் வீட்டிலிருந்த ஒரேயொரு கதிரையில் சாவகாசமாகக் குந்தினார்.

"படிக்கிறயள் போல, மாஸ்டர்?"

"ஓம். அடுத்த மாசம் சோதினை."

"படிங்க, படிங்க. நான் ஒண்டும் பேசல்ல."

சொன்னவர் விடாமல் பேசினார். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரில் தொடங்கி, தன் வட்டை வயலில் நெல்லைத் தின்ற யானையில் முடித்தார். பிறகு பாயைக் கேட்டு வாங்கி விறாந்தையிலேயே படுத்துவிட்டார்.

சிவபாதம் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. வந்தாறுமூலையில் கணக்குப் படிப்பிக்க வந்தவன். பட்டப் பரீட்சையில் ஏற்கெனவே இரண்டு தரம் கோட்டை விட்டிருந்தான். இந்தத் தரமும் தவறினால் மறுபடி எழுத விடமாட்டார்கள். படிக்கக் கிடைப்பது பின்னேரம் மட்டும். அதையும் ஊர் தின்றுகொண்டிருந்தது. ஒருநாள் வேலப்போடி, ஒருநாள் நாகரெத்தினம், இன்னொருநாள் பக்கத்து வளவுப் பத்தினிப்பிள்ளை, பிள்ளைகுட்டிகளோடு. பொழுதுபட்டால் ரோட்டில் ஆமியும் நாய்களும் மட்டுமே நடமாடும் காலம் அது. அப்படியிருந்தும் வந்தார்கள்!

அவன் ஊரில் படலையில் நின்று குரல் கொடுத்து, நாய் குரைத்து, உள்ளேயிருந்து "ஆர்?" என்று கேட்ட பிறகுதான் ஒருவர் வீட்டுக்குள் கால் வைக்கலாம். இங்கே வேலியே முழங்கால் உயரம்.

'இதுதான் வில்லங்கம்' என்று கண்டுபிடித்தான். சம்பளம் வந்த கையோடு தென்னங்கிடுகு வாங்கி, தலைக்கு மேலே உயரமாக வேலி அடைத்தான். அடைத்தான் என்பது மரியாதைக்குச் சொல்வது. கதியால் கம்பு நட்டது வேலப்போடி, கிடுகு கட்டியது நாகரெத்தினம். இவன் கயிறு எடுத்துக் கொடுத்தான்.

நாகரெத்தினம் வேலியைச் சுற்றிப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"ரோட்டில இருந்து பாத்தா உள்ளுக்க ஆர் இரிக்கிறதெண்டே தெரியல்லயே."

"அதுக்குத்தானே அடைச்சது!"

"இது சரிவராது, மாஸ்டர்."

அன்றிலிருந்து ஒருவர் வந்த இடத்தில் இரண்டு பேர் வந்தார்கள். பத்தினிப்பிள்ளை தன் பக்கத்து வேலியில் ஆள் புகும் அளவுக்கு ஒரு பொட்டும் வெட்டிவிட்டாள்.

சிவபாதம் அடுத்த அஸ்திரத்தை எடுத்தான். வாசலில் வேப்பிலைக் கொத்தைக் கட்டினான். அம்மாள் வருத்தம் வந்த வீட்டுக்கு எவனும் எட்டிப் பார்க்கமாட்டான் என்பது அவன் கணக்கு. கணக்கு வாத்தியாருக்கே கணக்குப் பிழைத்தது.

"அம்மாள் போட்ட பிள்ளையத் தனிய விடலாமா?" என்று பத்தினிப்பிள்ளை நாலு பெண்களோடு வந்திறங்கினாள். வேப்பிலையைப் பரப்பி அதில் அவனைக் கிடத்தினாள். தோளில் நுளம்பு கடித்த தடத்தைக் கண்டு, "ஒரு முத்துப் போட்டிரிக்கி!" என்று ஊருக்கே அறிவித்தாள். கண்ணுக்குக் கூடாதென்று புத்தகங்களைக் கட்டித் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள். அவனுக்குக் கிடைத்தது இளநீரும் தயிரும் உடம்பெல்லாம் அரிப்பும்தான்.

அவனுக்குத் தலைக்குத் தண்ணீர் வார்த்து, புத்தகங்களும் திரும்பி வந்த அன்றே, வேலப்போடி மறுபடியும் கதிரையில் இருந்தார். சிவபாதத்துக்குப் பொறுக்கவில்லை.

"உங்களுக்கெல்லாம் வீடு வாசல் இல்லையோ? ஒரேயொரு நாளைக்கு என்னைத் தனிய விடுங்கோ!"

வேலப்போடி எழும்பினார். கதிரையைச் சுவரோரம் தள்ளி வைத்தார். "சரி, மாஸ்டர்" என்று மட்டும் சொல்லிவிட்டு, தான் வழக்கமாய்ப் படுக்கும் பாயைச் சுருட்டிக்கொண்டு போனார்.

வீடு அமைதியானது. அவன் ஆசைப்பட்ட அதே அமைதி. புத்தகத்தை விரித்தான், ஒரு கணக்கும் ஓடவில்லை. அப்பன் வயதுக்காரரை விரட்டிவிட்டோமே என்று மனம் குத்தியது. அந்த யானைக் கதையையாவது இன்னொரு தரம் கேட்டிருக்கலாம்.

விடியும்போது சப்பாத்துச் சத்தம். சுற்றிவளைப்பு. இரண்டு ஆமிக்காரர் வாசலில் நின்றார்கள்.

"உள்ள யாரெல்லாம் இருக்கு?"

"நான்... நான் மட்டும்."

ஒருவன் அடையாள அட்டையைத் திருப்பிப் பார்த்தான். "யாழ்ப்பாணம். தனியா இருக்கு. வேலி பெரிசு. வா, ட்ரக்கில ஏறு."

பரீட்சையாவது, பட்டமாவது! ட்ரக்கில் ஏறியவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்பது ஊருக்கே தெரியும்.

அப்போது வேலிக்கு வெளியே ஒரு இருமல். பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேலப்போடி வந்தார்.

"என்ன சேர்? இது நம்மட மருமகன். நாம எல்லாரும் இஞ்சதான் இரிக்கிற."

ஆமிக்காரன் கிழவரைப் பார்த்தான். பாயைப் பார்த்தான். கன்னத்தில் பதிந்திருந்த பாய்த் தடத்தையும் பார்த்தான். அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த வளவுக்கு நடந்தான்.

கோபத்தில் வீட்டுக்குப் போகாமல் மனிசன் வேலியோரம் தூங்கிவிட்டது தன் அதிர்ஷ்டம் என்று சிவபாதம் நினைத்தான். அவர் கையைப் பிடித்துக்கொண்டான். கண் கலங்கிவிட்டது.

"நல்ல காலம், நீங்கள் இஞ்ச படுத்தது."

வேலப்போடி பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் வேலிப் பொட்டுக்குள்ளால் பத்தினிப்பிள்ளை தலைவிரி கோலமாய்ப் புகுந்து வந்தாள்.

"வேலப்போடியண்ணே, நேத்து நாகரெத்தினத்துட முறைதானே? மாஸ்டருக்கு ராக்காவல் ஒருநாளைக்கு ஒரு ஆள் எண்டு நாம பேசி வச்சிரிக்க, அவரும் பின்வேலிக்குள்ள கிடந்து குறட்டை விடுறார்!"