கட்டைவிரல் பிட்டரும் மூச்சடங்கிய லோரியும்

மலாயாவின் நெகிரி செம்பிலான் ரப்பர் தோட்டங்களில் அந்தக் காலத்து எஞ்சின்கள் எண்ணெய்க்காக ஓடவில்லை. வண்டி பழுதுபார்க்கும் கட்டைவிரல் பிட்டருக்குப் பயந்துதான் ஓடின. சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். வண்டி மேட்டில் திணறினால் பிளக்கைக் கழற்றுவார், அந்தத் துளையைக் கட்டைவிரலால் அடைப்பார், நம்மை ஹேண்டில் சுற்றச் சொல்வார். காற்று விரலைத் தள்ளினால் கம்ப்ரஷன், உள்ளே காற்றழுத்தம், சரி. தள்ளாவிட்டால் வசவு நமக்கு.

அதோடு விடமாட்டார். துளையில் ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றி மறுபடி சுற்றச் சொல்வார். இப்போது விரலைத் தள்ளினால், பிஸ்டன் ரிங் தேய்ந்த இடுக்கை எண்ணெய் அடைத்திருக்கிறது; கோளாறு ரிங்கில். அப்போதும் தள்ளாவிட்டால் வால்வு மூடவில்லை. எண்ணெய் ஊற்றாமல் நோய்க்குப் பெயர் வைக்கிறவன் மனுஷனே இல்லை என்பார். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணிக்கு இருமல் என்று யாரோ சொன்னபோதுகூட, எண்ணெய் ஊற்றிப் பார்த்தாயா என்றுதான் கேட்டார்.

ஜப்பான்காரன் காலத்தில் நான் தோட்டத்து லோரி டிரைவர். பெட்ரோல் ஏது? ரப்பரைக் காய்ச்சி இறக்கிய எண்ணெயில் வண்டி புகை கக்கிக்கொண்டு ஓடும். அப்படியும் மரவள்ளி மூட்டைகளோடு கோலா கிளாவாங் மலைச்சேற்றில் ஏறிவிடும். அதுவே வினையாகப் போயிற்று. நல்ல வண்டி என்று காதில் விழுந்து, சயாம் ரயில் பாதை வேலைக்கு அதைக் கொண்டுபோக ஒரு ஜப்பான் அதிகாரி வந்துவிட்டார். சயாமுக்குப் போனவர்களில் ஒருவரும் அதுவரை திரும்பவில்லை. என் சம்சாரம் அப்போது ஏழு மாதம். கேட்பது லோரியைத்தானே என்று நான் மடையன் மாதிரி தைரியமாக இருந்தேன்.

அன்று காலை லோரி முனகக்கூட இல்லை. அதிகாரிக்கு எஞ்சின் தெரியும். தானே துளையில் விரலை வைத்தார். நான் கை கழலச் சுற்றினேன். விரல் அசையவில்லை. பிட்டர் இடுப்பு ஒடியக் குனிந்து, "மாத்தி, துவான். ரிங் எல்லாம் மாத்தி" என்றார். ஐயா, செத்துப்போச்சு என்று மலாயில் சொல்கிறார்; ரிங் எல்லாம் செத்துவிட்டதாம். புது ரிங்குக்குச் சிங்கப்பூர் போனாலும் வழியில்லையாம்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எண்ணெய் ஊற்றாமலே பெயர் வைக்கிறாரே! வாய் சும்மா இருந்தால்தானே?

"என்னா பிட்டரே, எண்ண ஊத்திப் பாக்கலியா?"

அதிகாரி திரும்பி, இவன் என்ன சொல்கிறான் என்று கேட்டார். லோரி செத்த துக்கத்தில் புலம்புகிறான் என்றார் பிட்டர். பிறகு ஆறுதல் சொல்வதுபோல என் தோளைத் தட்டித் தமிழில் சொன்னார்.

"வாய மூடு லா. லோரி மட்டுமா சயாமுக்குப் போவுது? ஓட்டுற ஆளும் சேந்துதான்யா போவணும்."

அதற்குமேல் யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நிஜமாகவே அழுதேன். அதிகாரி முகத்தைச் சுளித்துக்கொண்டு கிளம்பிப் போனார்.

அன்று அதிகாரி வருவதற்கு முன்பே, விடிந்ததும் விடியாததுமாக வால்வுகள் மூடாதபடி திருகி வைத்தது பிட்டரேதான். எண்ணெய் ஊற்றியிருந்தால் ரிங் நல்லது என்று அதிகாரிக்குத் தெரிந்துபோயிருக்கும். அதிகாரி வேறு ஊருக்கு மாற்றலான பிறகு திருகைத் தளர்த்தினார். முதல் சுற்றிலேயே வண்டி உறுமியது. நன்றி சொல்லப் போனேன். முகம் கொடுத்துப் பேசவில்லை. உன்னால்தானே எண்ணெய் ஊற்றாமலே நல்ல ரிங்கைக் கெட்டது என்று சொல்ல வேண்டியதாயிற்று என்று ஒரு வாரம் கோபம்.

என் உயிரைக் காப்பாற்றிவிட்டு என் மேலேயே கோபித்துக்கொண்ட மனுஷன். அந்தக் கோபத்தை இன்று நினைத்தாலும், என் மகளைத் தூக்கிக் கொஞ்சக் கொடுத்துவைத்த கைகள் தானாகக் குவிகின்றன.