கரிச்சானிடம் கொத்து வாங்கிய செகரட்டரி

உலகத்தில் எதற்கும் தடை போட்டுவிடலாம் என்று மனதார நம்பிய ஒரே மனிதர், ஜோகுபாளையத்தில் எங்கள் அபார்ட்மென்ட் செகரட்டரிதான். 'நோட்டீஸ்' என்றால்தான் அவரை யாருக்கும் தெரியும். படிக்கட்டில் செருப்பு விடத் தடை. லிஃப்டில் சத்தமாகச் சிரிக்கத் தடை. அமாவாசைக்குக் காக்காய்க்குச் சோறு வைப்பதென்றால் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

இந்தச் சட்டங்களைப் படிக்காத ஒரு கரிச்சான் ஜோடி, போன கோடையில் மொட்டைமாடியை ஒட்டிய மாமரத்தில் கூடு கட்டியது. தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கப் போன நோட்டீஸின் வழுக்கையில் நச்சென்று ஒரு கொத்து.

"செகரட்டரின்னு ஒரு மரியாதை வேணாமா?" என்று என்னிடம் நியாயம் கேட்டார்.

"அதுங்க மெயின்டனன்ஸ் கட்டறதில்லயே சார். எப்படித் தெரியும்?"

கிளையை வெட்ட ஆள் வரவழைத்தார். அந்த நேரம் பார்த்து, சிவாஜிநகர் கறிக்கடைகளின் மேல் வட்டமடிக்கும் பருந்துகளில் ஒன்று கூட்டை நோக்கி இறங்கியது. கைக்குள் அடங்கிவிடக்கூடிய அந்தக் கரிச்சான்கள் இரண்டும் அதற்கு மேலே எழும்பி, முதுகில் மாறி மாறிக் கொத்தின. அவ்வளவு பெரிய பருந்து வந்த வழியே ஓடியது. நோட்டீஸ் திறந்த வாயை மூடவில்லை. பிறகு வெட்ட வந்தவரிடம் கன்னடத்தில் சொன்னார்: "மரி இதெ. ஆமேலெ பா." குஞ்சு இருக்கிறதாம், அப்புறம் வரவேண்டுமாம்.

அன்றே மாடிக்குப் பூட்டு விழுந்தது.

"துணிய எங்க சார் காயப்போடறது?" என்றார் மூன்றாம் மாடி கோமதி.

"குழந்தைங்க இருக்கற எடம்மா. ஃபேனுக்கு அடியில போடுங்க."

சில வாரங்களில், பறக்கப் பழகிய குஞ்சு ஒன்று மாடித் தரையில் விழுந்தது. பருந்தும் வந்துவிட்டது. பூட்டைத் திறந்து, தலைக்குக் குடையோடு தொட்டியைப் பார்க்க வந்திருந்த நோட்டீஸ், பாய்ந்து அந்தக் குடையைக் குஞ்சின்மேல் பிடித்தார். கரிச்சான்கள் பருந்தைத் துரத்திவிட்டுத் திரும்பிவந்து, பாரபட்சம் இல்லாமல் அவரையும் கொத்தின.

"நான் யாரு பக்கம்னுகூடப் புரியல அதுங்களுக்கு," என்றார், நெற்றி ரத்தத்தைத் துடைத்தபடி. குரலில் கோபம் இல்லை. விருது வாங்கியவர் போலிருந்தார்.

மழை தொடங்கியபோது கூடு காலியாக இருந்தது. நோட்டீஸ் மாடியில் வெறுந்தலையோடு நின்றுகொண்டிருந்தார்.

"உங்கள ஏதாவது கொத்துச்சா?"

"இல்ல சார்."

"என்னையும் கொத்தல," என்றார், மெதுவாக.

அதுவரை அவரை வாசலோடு பேசி அனுப்பிவந்த நான், "வாங்க சார், எங்க வீட்ல ஒரு காபி சாப்பிடலாம்," என்று கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன்.