எதிர்வீட்டுக்குப் போன ஆராய்ச்சிக் குழம்பு

புதுப்பட்டினம்

மதிப்பிற்குரிய செயலாளர் ஐயா அவர்களுக்கு,

பஞ்சாயத்துக் குடிநீர்த் தொட்டி ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்ற உலகநாதன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் நலம். என் மனைவி சந்திரம்மாவும் நலம். அந்த நலம் தாங்கள் கொடுத்தது. தாங்களும் தங்கள் அறக்கட்டளையும் அதன் வங்கிக் கணக்கும் நலமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் தெருவின் விருப்பம்.

முதலில் நன்றி. எந்த உணவோடு எதைச் சேர்த்துச் சாப்பிட்டால் புற்றுநோயைத் தடுக்க உதவக்கூடும் என்று கண்டறிய, தாங்கள் பணம் கொடுத்து ஸ்வாதி என்ற பெண்ணை எங்கள் தெருவுக்கு அனுப்பினீர்கள். ஆய்வில் சேரும் முன் எல்லோருக்கும் உடல் பரிசோதனை என்றாள். சந்திரம்மா, "எனக்கு இன்னா கேடு, கல்லு மாதிரி கீறேன்" என்று உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். கதவு திறக்கும்வரை ஸ்வாதி வாசலைவிட்டு நகரவில்லை. மார்பில் பட்டாணி அளவு கட்டி. செங்கல்பட்டில் அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். கொஞ்சம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் சொன்னதை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் நடந்துவிட்டதுபோல் ஆகிவிடும். சிகிச்சையில் இருப்பவர்களைச் சேர்ப்பதில்லை என்பதால் அவளை விட்டுவிட்டு என்னை ஆய்வில் சேர்த்தார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த வருடப் பணம் இன்னும் வரவில்லை என்று ஸ்வாதி வாடிய முகத்தோடு சொன்னாள். ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். எங்கள் தெருவில் நடந்தது தங்களுக்கும் எப்படியோ தெரிந்துவிட்டது. அந்தப் பெண்ணிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆகையால் நேரே தங்களிடம் பேசுகிறேன். தாங்கள் எங்கள் தெருவை இரண்டாகப் பிரித்தீர்கள். எங்கள் வரிசைக்கு மஞ்சளும் மிளகும் கலந்த பொடி. எதிர் வரிசைக்கு அதே மஞ்சள் பகலில், அதே மிளகு இரவில். இரண்டும் ஒரு தட்டில் சந்திக்கக் கூடாது. படித்தவர்கள் போட்ட திட்டம், சரி என்றுதான் இருந்தேன். முதல் வாரமே எதிர்வீட்டு ஜாக்குலின் வந்து நின்றாள். "அண்ணாத்த, மொளகு இல்லாத மீன் கொழம்ப எங்க வூட்டுக்காரரு வாயில வெச்சாரு. பத்தியம் சாப்புட எனக்கு இன்னா காச்சலான்னு கேக்கறாரு." நான் சிரித்துவிட்டுச் சும்மா இருந்தேன். சந்திரம்மா சும்மா இருக்கவில்லை. கிண்ணம் நிறைய எங்கள் குழம்பை ஊற்றினாள். "ஆராய்ச்சி கெட்டுப்பூடும்டி" என்று கையைப் பிடித்தேன். "எந்த ஆராய்ச்சி? உன்னத்தான சேத்தாங்க? என்னிய வோணாம்னுட்டாங்கல்ல? நான் யாருக்கு வோணா குடுப்பேன், வுடு கைய" என்றாள். இதற்குத் தங்கள் விதிமுறையில் பதில் இருந்தால் சொல்லுங்கள். போன கிண்ணம் காலியாகத் திரும்புவது எங்கள் தெருவில் வழக்கமில்லை. காலியாக வந்தால் ஏதோ மனத்தாங்கல் என்று அர்த்தம். ஆகவே அது ஜாக்குலினின் மிளகில்லாத மீன் குழம்போடு வந்தது, வீணாக்கக் கூடாது என்று நான் சாப்பிட்டேன், இதைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரி தன் கிண்ணத்தை எடுத்தாள், அவளுக்கு எதிர்வீடு சும்மா இருக்குமா, மாதம் முடிவதற்குள் தெருவில் எந்த வீட்டு வயிற்றில் எந்த வரிசைப் பொடி இருக்கிறது என்பது கடவுளுக்கே தெரியாமல் போனது.

தடுக்கவில்லையா என்று கேட்பீர்கள். தடுத்தேன். நாற்காலி போட்டு நடுத்தெருவில் உட்கார்ந்தேன், கொல்லைப்பக்கமாகப் போனார்கள். கடைசியில் ஜாக்குலினிடமே போய், "இனிமே கிண்ணம் வரவும் கூடாது, போகவும் கூடாது" என்று கறாராகச் சொன்னேன். அன்று சாயங்காலம் எங்கள் கிண்ணம் கழுவித் துடைத்து, காலியாகத் திரும்பி வந்தது. சந்திரம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். "நான் ஆஸ்பத்திரியில கெடந்தப்போ தெனம் பஸ் ஏறி எனக்குக் கஞ்சி கொண்ணாந்தவய்யா அவ. அறுத்தப்போகூட இவ்ளோ வலிக்கல" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். ஐயா, நான் யாருக்கும் வளைந்து கொடுக்காதவன். மறுநாள் அந்தக் கிண்ணத்தில் குழம்பை ஊற்றித் தெருவைக் கடந்து போனது நான்தான். மிளகும் மஞ்சளும் சேர்ந்த குழம்புதான். ஜாக்குலின் வாங்கிக்கொண்டு, "இன்னா அண்ணாத்த, ஆராய்ச்சி முடிஞ்சிடுச்சா?" என்றாள். இந்தக் கிண்டலை மட்டும் நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இரண்டு வரிசைக்காரர்களிடமும் எடுத்துச் சோதித்த ரத்தத்தில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை என்று ஸ்வாதி தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை. கிண்ணத்துக்காக நாங்களும் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. ஆனால் பணத்தை நிறுத்தாதீர்கள். இன்னொரு தெருவில் இன்னொருத்தி தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உள்ளே இருப்பாள். அங்கேயும் ஸ்வாதி போய் உட்கார வேண்டும். அடுத்த முறை தெருவைப் பிரிக்காமல் ஊரைப் பிரியுங்கள். எங்களுக்குக் கலந்த பொடி, கோவளத்துக்குத் தனித்தனிப் பொடி. இல்லை, கோவளம் ஜாக்குலினின் தாய்வீடு, பஸ் நேராகப் போகிறது. அச்சரப்பாக்கம் பாருங்கள்.

தாங்களும் தங்கள் ஆபீஸில் உள்ள அனைவரும் பசித்துச் சாப்பிட்டு, படுத்ததும் தூங்கி, ஆஸ்பத்திரி வாசல் மிதிக்காமல் நீண்டநாள் வாழ, வயதில் மூத்தவன் என்ற உரிமையில் வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
நன்றி மறவாத,
உலகநாதன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் மரியாதைக்காக ஸ்வாதியிடம் காட்டினேன். பாதியில் நிமிர்ந்து, "எந்தக் கிண்ணம், அங்கிள்?" என்றாள். பணம் வராததற்குக் காரணம் வங்கியில் ஏதோ கையெழுத்து மாறிப்போனதாம், திங்கட்கிழமை வந்துவிடுமாம், கிண்ணத்தைப் பற்றித் தங்களுக்கு ஒன்றுமே தெரியாதாம். கிழித்துவிடட்டுமா என்று கேட்டேன். கடிதத்தை முதலிலிருந்து மறுபடியும் படித்தாள். பிறகு, "வேணாம் அங்கிள். தப்பான ரிசல்ட்ட வெச்சிக்கிட்டு நான் என்ன பண்றது? எப்படியும் சொல்லித்தான் ஆகணும். நீங்களே அனுப்புங்க, திட்டாவது உங்களுக்கு வரட்டும்" என்றாள். எனக்கும் அதுதான் நியாயமாகப் படுகிறது. ஆகவே ஐயா, கோபத்தை என் விலாசத்துக்கும் பணத்தை அவள் விலாசத்துக்கும் அனுப்பி வைக்கவும்.