அக்கார்டியன் ஞானையனின் ஒளிவுமறைவற்ற பாவங்கள்

உலகில் தன்வரலாறு எழுதியவர்கள் பலர். அதில் உண்மையை எழுதியவர்கள் சிலர். உண்மையை ஒரு குழு அமைத்து, கூட்டம் போட்டு, விவாதித்து, ஒருமனதாகத் தீர்மானித்து எழுதியவர் எங்கள் அருமனை அக்கார்டியன் ஞானையன் ஒருவரே. அந்தக் குழுவின் செயலாளர் என்ற முறையிலும், அவனுடைய ஐம்பதாண்டு நண்பன் என்ற முறையிலும் இதைப் பெருமையோடு பதிவு செய்கிறேன். என் பெயர் வைகுண்டராஜன். பதிவு செய்வது எனக்குப் புதிதல்ல. முப்பத்திரண்டு ஆண்டுகள் அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு குடும்பம் நடத்தி, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன்.

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் தொடங்கிய ‘முக்கடல் மெல்லிசைக் குழு’வில் ஞானையன் அக்கார்டியன் வாசித்தான். எனக்கு எதுவும் வாசிக்கத் தெரியாததால் செயலாளர் ஆனேன். இருபது வருடம், கோயில் கொடை, தேவாலயத் திருவிழா, கல்யாண வரவேற்பு என்று மாவட்டத்தில் நாங்கள் மேடை ஏறாத ஊர் குறைவு. ஞானையன் அந்தப் பெட்டியை நெஞ்சோடு அணைத்து விரித்தால், பந்தியில் பாதிச் சாப்பாட்டில் இருப்பவனும் கையைக் கழுவாமல் எழுந்து வருவான். எழுந்து வந்தவனுக்கு மறுபடி இலை கிடைத்ததா என்பது வேறு விஷயம்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஞாயிற்றுக்கிழமை நாளிதழ் ஒன்றில், இப்போது ‘துணிச்சலான’ தன்வரலாறுகளின் காலம் என்று படித்தேன். நடிகர்கள், நீதிபதிகள், சாமியார்கள் என்று எல்லோரும் தங்கள் பாவங்களை அச்சிட்டுக்கொண்டிருந்தார்கள். நம் மாவட்டம் இதில் பின்தங்கலாமா? அன்று மாலையே ஞானையன் வீட்டுக்குப் போய் உன் வாழ்க்கையை ஒளிவுமறைவில்லாமல் எழுது என்று கட்டளையிட்டேன். சொன்னதைச் செய்கிற ஆள். ஒரே மாதத்தில் ஒரு நோட்டை நிரப்பிக் கொடுத்தான்.

படித்துப் பார்த்து இடிந்துபோனேன். எழுபத்து மூன்று வயது மனிதன் செய்திருந்த மொத்தப் பாவம் மூன்று. ஒன்பது வயதில் பக்கத்து விளைத் தோட்டத்தில் ஒரு அயினிச்சக்கைப் பழம் பறித்தது. ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் போதகர் ஜெபிக்கும்போது மேடையிலேயே தூங்கியது. மனைவி ராஜபாய் வைத்த ஒரு குழம்பை நன்றாக இருப்பதாகச் சொன்னது. மார்த்தாண்டத்தில் அச்சகமும் பதிப்பகமும் நடத்தும் ஆன்ட்ரூஸிடம் நோட்டைக் காட்டினேன். அவர் நோயாளியின் எக்ஸ்ரேயைப் பார்ப்பதுபோல அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

“சாரே, ஆளு நல்லவரு. அதுதான் பிரச்சினை. நல்லவனுக்க கதைய எவன் வாங்குவான்? ஒரு குடி வேணும், ஒரு சண்டை வேணும், ஒரு பெண்ணு வேணும். மூணும் கிட்டலேன்னா கொறஞ்சது ரெண்டு வேணும்.”

அன்று உருவானதுதான் ‘மெய்ம்மைக் குழு’. உறுப்பினர்கள்: பதிப்பாளர் ஆன்ட்ரூஸ், ஆசிரியர் ஞானையன், செயலாளர் நான். கூட்டம் வாரம் ஒருமுறை, ஞானையன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் முன்னிலை வகிக்க நடைபெறும். நடவடிக்கைக் குறிப்பேடு இன்றும் என்னிடம் இருக்கிறது. முதல் தீர்மானம்: ஆசிரியர் 1981 முதல் 1983 முடிய மது அருந்தினார் என்பது ஒருமனதாக ஏற்கப்பட்டது. கள்ளின் வாசனை பட்டாலே தனக்குத் தலைவலி வரும் என்று ஆசிரியர் தெரிவித்த மாற்றுக் கருத்து குறித்துக்கொள்ளப்பட்டது.

மீன்கறியை மேசையில் வைக்க வந்த ராஜபாய், குடித்தவர் 1983இல் எப்படி நிறுத்தினார் என்று கேட்டார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை; கேள்வி கேட்கும் பழக்கம் போகவில்லை. நாங்கள் அதை யோசித்திருக்கவில்லை.

“அப்போ நான் நிறுத்தினேன்னு எழுதுங்க வைகுண்டண்ணே. நாப்பத்தஞ்சு வருசமா இந்த மனுசனத் திருத்த எனக்கு ஒரு சான்ஸ் கிட்டல்ல.”

அது இரண்டாம் தீர்மானமாயிற்று. மூன்றாவது முதல் எட்டாவது வரை சண்டைகள். எந்த ஊரில், யாருடைய சட்டைக் காலரைப் பிடித்தான் என்பதெல்லாம் நுணுக்கமாக முடிவு செய்யப்பட்டது. ஒன்பதாவதுதான் நூலின் உயிர்நாடி: ஆசிரியருக்கும் ஒரு பாடகிக்கும் இருந்த ‘சொல்லப்படாத’ உறவு. பெயர் குறிப்பிடாமல் முப்பத்தொரு பக்கம், நூலின் ஒன்பதாம் அத்தியாயமாக, நானே எழுதினேன். ராஜபாய் அதை முழுவதும் படித்துவிட்டு, இரண்டு எழுத்துப்பிழைகளைத் திருத்தி, அந்தப் பெண்ணைக் கொஞ்சம் படித்தவளாக வைக்க முடியுமா, தனக்கும் ஒரு கௌரவம் இருக்கிறதல்லவா என்று மட்டும் கேட்டார். பாடகியை எம்.ஏ. ஆக்கினேன்.

ஞானையன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். புதிய பாவம் ஒன்றைப் படித்துக் காட்டும்போதெல்லாம், வேறு யாருடைய கதையையோ கேட்பதுபோல ஆர்வமாகக் கேட்டு, பிறகு என்ன ஆயிற்று என்பான். நூல் முடியும் தறுவாயில் ஒருநாள் கையிலிருந்த கட்டன் சாயாவைக் கீழே வைத்தான்.

“லே வைகுண்டம், நீ தந்த பொய்ப் பாவத்த எல்லாம் சுமந்துட்டேன். எனக்க மெய்ப் பாவம் ஒண்ணு கெடக்கு. அதயும் சேக்கணும் கேட்டியா. குளோரிக்க லெட்டர்.”

ஆன்ட்ரூஸுக்குப் புரியவில்லை. வாசகர்களுக்கும் புரியாது என்பதால் உரிய சுருக்கத்தோடு விளக்குகிறேன். குளோரி என்பவள் கன்னியாகுமரிப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரி. எங்கள் குழுவில் ஐந்து வருடம் பாடினாள். 1986ஆம் ஆண்டு ஒரு திருவிழாவில் அவள் பாட்டைக் கேட்ட எறணாகுளத்து கேசட் கம்பெனிக்காரர் ஒருவர், குரலைப் பதிவு செய்துகொண்டு போனார். கடிதம் வரும் என்று அவள் காத்திருந்தாள். கடிதம் வந்தது, குழுவின் முகவரிக்கு. குறிப்பிட்ட தேதியில் குரல் தேர்வுக்கு வரும்படி எழுதியிருந்தது. மார்கழி முதல் சித்திரை வரை எங்களுக்குக் கச்சேரிகள் நிச்சயமாகியிருந்த நேரம். அவள் போய்விட்டால் குழு படுத்துவிடும். ஆகவே, குழுவின் நலன் கருதிக் கடிதம் ‘நிறுத்திவைக்கப்பட்டது’. குரல் மைக்குக்குச் சேரவில்லை என்று கம்பெனியில் சொல்லிவிட்டதாக அவளுக்குத் தெரிவிக்கப்பட்டது. இந்த நடவடிக்கையின் பலனாக, அவள் மாசி மாதமே பாட்டை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனாள். நிர்வாகத்தில் சில முடிவுகள் அப்படி அமைவதுண்டு.

ஞானையனின் கோரிக்கை குழுவில் விரிவாக விவாதிக்கப்பட்டு நிராகரிக்கப்பட்டது. உண்மையான பாவம் ஒன்றைச் சேர்த்தால் அதன் பக்கத்தில் மற்றவை பொய் என்று தெரிந்துவிடும். நூலின் நம்பகத்தன்மை கெடும். மேலும் அதில் ஆசிரியர் அல்லாத பிறரும் சம்பந்தப்பட்டிருப்பதால் அவர்களுடைய அந்தரங்கத்தை மதிக்க வேண்டும். இந்த இரண்டாவது காரணத்தை நான் அழுத்திச் சொன்னேன். ஆன்ட்ரூஸ் வியாபாரி என்ற முறையில் ஒரே வரியில் முடித்தார்.

“லெட்டர ஒளிச்ச பாவம் கவர்ல போட ஒக்காது சாரே.”

ஞானையன் வாதாடவில்லை. அப்படியானால் வெளியீட்டு விழாவுக்குக் குளோரியை அழைத்து முதல் பிரதியை அவளுக்குக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் தான் வரப்போவதில்லை என்றான். பழைய கலைஞர்களைக் கௌரவிப்பது நூலுக்கும் நல்ல பெயர் தரும் என்பதால் ஒப்புக்கொண்டோம்.

விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், அருமனையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. நானூறு பேர். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஜெயசிங் நூலை ஆய்வு செய்தார். ஒன்பதாம் அத்தியாயத்தைப் படித்தபோது தனக்கு மூன்று நாள் தூக்கம் வரவில்லை என்றும், பொய்யின் நிழல்கூடப் படாத எழுத்து இது என்றும் சொன்னார். நான் அடக்கத்தோடு தலைகுனிந்தேன்.

குளோரி மகள் அபினாவோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அறுபது வயது, கன்னியாகுமரியில் சங்கும் பாசிமணியும் விற்கும் சின்னக் கடை. வாழ்த்துப்பாடல் ஒன்று பாடலாமே என்று நான் பெருந்தன்மையோடு கேட்டேன். அவள் சிரித்தாள். மகள்தான் பதில் சொன்னாள்: அம்மா பாடி அவள் கேட்டதே இல்லையாம், ஞாயிறு பூசையில்கூட வாயை மட்டும் அசைப்பாளாம்.

ஏற்புரைக்கு எழுந்த ஞானையன், நான் எழுதிக் கொடுத்த நான்கு பக்கத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

“புத்தகத்துல இல்லாத ஒரு காரியம் பறையணும். இந்தா முன்னால இருக்கப்பட்ட குளோரிக்கு ஒரு துரோகம் நடந்துது.”

விழாவுக்கு ஒதுக்கப்பட்ட நேரம் மிகக் குறைவு. செயலாளரின் கடமை நேரத்தைக் காப்பது. ஒலிபெருக்கி செல்வதாஸைப் பார்த்துக் கையைக் காட்டினேன். மைக் நின்றது.

ஞானையன் உதட்டை இரண்டுமுறை அசைத்துப் பார்த்துவிட்டு, மைக்கைக் கீழே வைத்தான். மேடைப் படியில் மெதுவாக இறங்கி அவள் முன்னால் போய் நின்றான். நான் பின்னாலேயே ஓடியதால் எனக்கு மட்டும் கேட்டது.

“உனக்கு எறணாகுளத்துலேருந்து லெட்டர் வந்துது குளோரி. வரச்சொல்லித்தான் எழுதியிருந்தான். நாங்கதான் மறைச்சோம்.”

மண்டபத்துக்கு எதுவும் கேட்கவில்லை. ஆனால் கண் இருந்தது. எழுபது தாண்டிய அக்கார்டியன்காரர், ஒரு காலத்துப் பாடகி, துரோகம், கண்ணீர். பின்வரிசையில் யாரோ ‘ஒன்பதாம் அத்தியாயம்’ என்றார்கள். நானூறு பேரும் எழுந்து நின்றார்கள். செல்போன்கள் உயர்ந்தன. ராஜபாய் நாற்காலியை விட்டு எழுந்து போய்க் குளோரியின் கையைப் பிடித்துக்கொண்டபோது, அந்தப் பெருந்தன்மைக்கு எழுந்த கைதட்டலில் மண்டபமே அதிர்ந்தது. ஜெயசிங் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வாசலில் ஆன்ட்ரூஸின் மேசையில் இருந்த புத்தகக் கட்டு பத்து நிமிடத்தில் பாதியாயிற்று. அபினா மட்டும் சுற்றி நின்று படமெடுத்தவர்களைக் கையால் தள்ளிக்கொண்டிருந்தாள்.

கூட்டம் எதை நினைத்துக் கைதட்டுகிறது என்பது குளோரிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் முகம் மாறிற்று. மேடையேறி மைக்கைத் தட்டிப் பார்த்தாள். அது செத்துக் கிடந்தது. அவள் அப்படியே மண்டபத்தைப் பார்த்துப் பேசினாள்.

“எனக்கும் இவருக்கும் ஒரு எடபாடும் கெடையாது. இந்த அக்காவுக்கு அது தெரியும். எனக்கு வந்த லெட்டர இவங்க மறைச்சாங்க. எனக்க கொரலு மைக்குக்குச் சேராதுன்னு சொன்னாங்க. முப்பத்தெட்டு வருசம் நான் அத நம்பினேன்.”

உரக்கப் பேசவில்லை. ஆனாலும் கடைசி வரிசைக்கும் அப்பால், பின்கட்டில் சாயா ஊற்றிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். கூட்டத்துக்கு ஏமாற்றம். இவ்வளவுதானா என்ற முகத்தோடு உட்கார்ந்தார்கள். போன்கள் பைக்குள் போயின. ஆன்ட்ரூஸின் மேசையில் அன்று அதன் பிறகு ஒரு பிரதிகூட நகரவில்லை. உண்மையின் சந்தை நிலவரம் பற்றி ஆய்வு செய்ய விரும்புவோருக்கு இந்தத் தகவல் பயன்படும்.

அடுத்த வியாழக்கிழமை காலையில் குளோரி தனியாக என் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அந்த லெட்டர் வேண்டும் என்றாள். எதையும் கிழித்துப் போடும் பழக்கம் என் வாழ்நாளில் இல்லை. நான்கே நிமிடத்தில் எடுத்துக்கொண்டு வந்தேன். தாள் பழுத்திருந்தாலும் எழுத்து அழியவில்லை. எந்த அலுவலகமும் அப்படி ஒரு பராமரிப்பைப் பார்த்திருக்காது.

அவள் உறையைத் திருப்பிப் பார்த்தாள். அவளுடைய பெயர்தான் எழுதியிருந்தது.

“யாரு பிரிச்சது?” என்றாள்.

“பிரிக்கப்பட்டிருந்தது” என்றேன்.

கடிதத்தை மெதுவாக, வரிக்கு வரி விரலை ஓட்டிப் படித்தாள். தாளின் இடது மூலையில், ‘பார்த்தேன், கோப்பில் வைக்க’ என்று சுருக்கொப்பமும் தேதியும் இருந்தன. அங்கே வந்ததும் விரல் நின்றது.

“நவம்பர் பதினாலு. அந்த வாரம் முழுக்க ஞானையண்ணன் மஞ்சக்காமாலைல நெய்யூர் ஆஸ்பத்திரியில கெடந்தாவ. நானும் ராஜபாயக்காவும்தான் மாறி மாறிக் கஞ்சி கொண்டு போனோம். பின்ன எதுக்கு ‘நாங்க’ன்னு சொன்னாவ?”

சாயா போட்டுத் தரட்டுமா என்று கேட்டேன். ஞானையனுக்கு நான் விஷயத்தைச் சொன்னதே தை மாதத்தில்தான். கடிதத்தில் குறித்த தேதி அதற்குள் போய்விட்டிருந்தது. பிறகு அவன் அதை யாரிடமும் சொல்லவில்லை. அவன் செய்த பாவம் அவ்வளவுதான். குளோரி கடிதத்தை உறையில் போட்டு, கைப்பையில் வைத்துக்கொண்டு, சாயா குடிக்காமல் போனாள். கேட்டைச் சாத்திவிட்டுத்தான் போனாள்.

இரண்டாம் பதிப்புக்கு ஒரு முன்னுரை வேண்டுமென்று ஆன்ட்ரூஸ் கேட்டதால் இதை எழுதுகிறேன். போடுவாரா என்பது தெரியாது. ஒளிவுமறைவற்ற அந்த வரலாற்று விவகாரத்தில் என் நண்பன் ஞானையன் தன் வாயால் சொன்ன பொய் ஒரே ஒரு சொல்தான்: ‘நாங்க’. மற்ற பொய்கள் எல்லாம் எழுதப்பட்டவை. எழுதியவன் நான்.