டுவேன் பிக்கெட் முதலிடம் பிடித்த வரலாறு

சிரிப்பு என்பது சிரித்துவிட்டுப் போகிற விஷயமல்ல என்பதை உலகத்துக்கு உணர்த்திய பெருமை அமெரிக்காவின் வடக்குப் பனிக்கோடியில் இருக்கும் எங்கள் டுலூத் நகரத்தையே சேரும். மற்ற ஊர்களில் ஒரு நகைச்சுவைப் பாடகரைப் பிடித்துப்போனால் ஜனங்கள் அவர் பாட்டைக் கேட்டுச் சிரிக்கிறார்கள், பிறகு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். பொறுப்பில்லாதவர்கள். ‘டுவேன் பிக்கெட் ரசிகர் பேரவை’க்கு நான் செயலாளராக இருந்த காலம் முழுவதும் எங்கள் கூட்டத்தில் உத்தரவில்லாமல் ஒருவர்கூடச் சிரித்ததில்லை என்பதை மார்தட்டிச் சொல்வேன்.

டுவேன் பிக்கெட் எங்கள் ஊர்க்காரர். மடியில் பாஞ்சோ என்ற தந்தி வாத்தியத்தை வைத்துக்கொண்டு பல் டாக்டரைப் பற்றியும் பக்கத்து வீட்டு நாயைப் பற்றியும் பனி அள்ளுகிற மண்வெட்டியைப் பற்றியும் வேடிக்கைப் பாட்டுப் பாடுவார். பேரவையின் லட்சியம் ஒன்றே ஒன்று. நாட்டின் நகைச்சுவை ஆல்பப் பட்டியலில் அவர் முதலிடம் பிடிக்க வேண்டும். விற்ற பிரதிகளையும் ஓடிய தடவைகளையும் எண்ணிச் செவ்வாய்க்கிழமைதோறும் பட்டியல் வெளியாகும். அன்று மாலை லூத்தரன் சர்ச்சின் கீழ்த்தளத்தில் கூடுவோம். ஆளுக்கொரு தட்டு உருளைக்கிழங்கு ஹாட்டிஷ், அடுப்பில் சுட்ட எங்கள் ஊர்க் கதம்பம். பட்டியலில் டுவேன் ஏறினால் கைதட்டல், இறங்கினால் மௌன அஞ்சலி.

தலைவி ஆர்லீன் ஹாகன் பள்ளிக்கூடத்தில் துணைத் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் முன்னால் சிரிக்காமல் இருக்க ஊரில் பாதிப் பேர் சிறு வயதிலேயே பயிற்சி பெற்றிருந்தார்கள். துணைத் தலைவர் வெர்ன் லிண்ட்க்விஸ்ட், நகராட்சியில் பனி வாரும் வண்டி ஓட்டுகிறவர். தன் கராஜில் பழைய கைபேசிகளை வரிசையாக அடுக்கி, இரவும் பகலும் டுவேனின் ஆல்பத்தை ஓடவிட்டிருந்தார். சத்தத்தை மட்டும் முழுக்கக் குறைத்திருந்தார்.

“சத்தம் வெச்சா பேட்டரி வீணாப் போகும். பட்டியல்காரன் சத்தத்தையா எண்ணுறான்?” என்பார். மறுக்க முடியாத வாதம்.

இப்படி நாங்கள் உழைத்து உழைத்து ‘தும்மல்’ என்ற அவருடைய புது ஆல்பத்தை இரண்டாம் இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டோம். முதலிடத்தில் உட்கார்ந்திருந்தவர் அரிசோனாக்காரர். ஏப்பத்தாலேயே கிறிஸ்துமஸ் பாட்டுகளைப் பாடுகிறவர். அந்த ஏப்பத்தின் ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? ‘தும்மல்’ நகைச்சுவையே அல்ல, அது நாட்டுப்புறப் பாட்டு என்று பட்டியல் அலுவலகத்துக்குப் புகார் அனுப்பிவிட்டார்கள். நாட்டுப்புறப் பட்டியலுக்கு மாற்றினால் நாங்கள் கடைசிக்கு முந்தின இடத்தில்கூட இருக்க மாட்டோம். விசாரிக்க சிகாகோவிலிருந்து ஓர் அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது.

வந்தவர் பெயர் பிரிசில்லா டோவார். பனியில் நனைந்த பூட்ஸைக் கழற்றிவைத்துவிட்டு, காப்பிக் கோப்பையோடு எங்கள் எதிரே உட்கார்ந்தார்.

“மொதல்ல ஒரு சின்னக் கேள்வி. நீங்க ‘தும்மல்’ ஆல்பத்தக் கேட்டீங்களா?”

“கேட்டோமேம்மா! கடை கடையா ஏறி எறங்கிக் கேட்டோம். மினியாப்பொலிஸ் வரைக்கும் போய்க் கேட்டோம். சில கடையில இல்லன்னே சொல்லிட்டானுங்க” என்றார் வெர்ன் உருக்கமாக.

“அதில்லீங்க. காதால கேட்டீங்களா?”

வெர்ன் ஹாட்டிஷ் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“ராப்பகலா ஓடிக்கிட்டேதான் இருக்கு” என்றார் ஆர்லீன் கம்பீரமாக. “அது ஓடுற எடத்துல நாங்க இருக்கணும்னு விதி ஏதும் இருக்கா?”

“விதி இல்லீங்க மேடம். ஆனா இது நகைச்சுவைன்னு நான் எழுதணும்னா, யாராவது ஒருத்தராவது சிரிச்சிருக்கணும். உங்கள்ல யார் சிரிச்சீங்க?”

எல்லோரும் ஒருவரை ஒருவர் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டோம்.

“நாலாவது பாட்டு ரொம்பப் பிரமாதம். போன வாரத்தவிட இந்த வாரம் நல்லா ஏறியிருக்கு” என்று சமாளித்தார் வெர்ன்.

“அதுல என்ன ஜோக்?”

“ஏறினதுதான்.”

டோவார் பேனாவை மூடினார். “ஒரு பிரதி எடுங்க. இப்பவே கேட்டுப் பாத்துடலாம்.”

பேரவையின் வரலாற்றிலேயே அதுபோன்ற நெருக்கடி வந்ததில்லை. பெட்டி பெட்டியாக இருந்த பிரதிகளில் ஒன்றின் பிளாஸ்டிக் உறையைக்கூட நாங்கள் பிரித்ததில்லை. “பிரிச்சா மதிப்புப் போயிடும்மா” என்று வெர்ன் தழுதழுத்தார். ஆர்லீன் கண்ணை மூடிக்கொண்டு தலையசைத்தார். பிரித்தோம். ஞாயிறு பள்ளிக் குழந்தைகளின் பிளேயரைக் கொண்டுவந்து நாலாவது பாட்டைப் போட்டோம்.

பாட்டு ஒரு கல்யாணத்தைப் பற்றியது. கல்யாணத்துக்கு ஊரே திரண்டு வருகிறது. வந்தவர்கள் எல்லோரும் எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று ஒருவரை ஒருவர் எண்ணிக்கொண்டே இருக்கிறார்கள். மாப்பிள்ளை வாசலில் பூட்டை ஆட்டி ஆட்டிக் கத்துகிறான். கூட்டம் நிறைந்துவிட்டதென்று அவனை உள்ளே விடவே இல்லை.

இரண்டாவது சரணத்தில் எனக்கு விலாவுக்குக் கீழே ஏதோ கிளுகிளுத்தது. ஹாட்டிஷ் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து அடக்கிக்கொண்டேன். டோவார் அடக்கவில்லை. முதலில் தோள் குலுங்கியது. பிறகு காப்பி குலுங்கியது. பிறகு மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். நாங்கள் கைகளைக் கட்டிக்கொண்டு கவலையோடு பார்த்தோம்.

“தண்ணி ஏதும் வேணுமாம்மா?” என்று கேட்டார் ஆர்லீன்.

அதைக் கேட்டு டோவார் இன்னும் சிரித்தார்.

“நீங்க பாட்டுக்குத்தானே சிரிக்கிறீங்க?” என்றார் வெர்ன்.

“பாட்டுக்கும்தான்” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். ‘நகைச்சுவை என உறுதி செய்யப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு பூட்ஸைத் தேடினார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ‘தும்மல்’ முதலிடம் பிடித்தது. ஏப்பம் அடங்கியது. வெர்ன் பனி வாரும் வண்டியின் மஞ்சள் விளக்கைச் சுழலவிட்டு ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்; தேவையான தெருக்களைத் தவிர எல்லாத் தெருவிலும் பனி வாரப்பட்டது.

பாராட்டு விழாவுக்கு டுவேன் பிக்கெட்டையே அழைத்தோம். அவர் வருவதற்கு முன் ஆர்லீன் கதவைச் சாத்திக்கொண்டு எங்களை எச்சரித்தார்.

“சிகாகோக்காரி முன்னால நாம பட்ட அவமானம் போதும். இன்னிக்கி அவர் வாயத் தொறந்தா எல்லாரும் சிரிக்கணும். ஒருத்தர் சிரிச்சு ஒருத்தர் முழிக்கக் கூடாது. சேந்தாப்புல சிரிக்கணும். புரிஞ்சுதா?”

டுவேன் வந்தார். மெலிந்த மனிதர், தோளில் பாஞ்சோப் பெட்டி. மேடை ஏறித் தொண்டையைச் செருமினார். சிரித்தோம்.

“ரொம்ப நன்றி. ஆனா ஒண்ணு சொல்லணும். ஏரிக்கரை பார்ல வெள்ளிக்கிழமதோறும் பாடுறேன். இங்கேந்து நடக்குற தூரந்தான். உங்கள்ல ஒருத்தரக்கூட அங்க பாத்ததில்ல.”

கொல்லென்று சிரித்தோம்.

அவர் கொஞ்சம் திகைத்தார். “வழக்கமா மூணு பேர் வருவாங்க. அதுல ஒருத்தருக்குக் காது கேக்காது.”

வெர்ன் தொடையில் அறைந்துகொண்டார்.

“இல்லீங்க, இது ஜோக் இல்ல” என்றார் டுவேன். அவருடைய நகைச்சுவையின் உச்சம் இதுதான் என்று நாங்கள் ஏகமனதாக முடிவு செய்தோம். கூரை அதிர்ந்தது. “போன வாரம் பார்க்காரன் கூப்ட்டுச் சொல்லிட்டான், ஆள் வரல, இனிமே பாட வேணாம்னு. நான் எனக்காகப் பாடுறவன் இல்லீங்க. எதுக்கால ஒரு மொகம் வேணும்.” அவர் குரல் உடைந்தது. எப்பேர்ப்பட்ட நடிப்பு! ஆர்லீனே சிரித்துவிட்டார். பேரவைக் குறிப்பில் அதைத் தனியாகப் பதிவு செய்தேன்.

டுவேன் சற்று நேரம் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பாஞ்சோப் பெட்டியைத் திறக்காமலே தோளில் மாட்டிக்கொண்டு படியேறிப் போய்விட்டார். நாங்கள் எழுந்து நின்று கை தட்டினோம். கூடவே போய் வழியனுப்பலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது. ஆனால் முதலிடம் என்பது ஒரே ஒருவருக்கான இடம். அதில் அவரைத் தனியாக உட்காரவைத்துவிட்டு, நாங்கள் எல்லோருமாகக் கேக் வெட்டப் போனோம்.