கொலுவில் ஏறிய டிவி

பிரபஞ்சம் பிறந்த சூட்டைக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் இந்த உலகத்தில் எங்கள் வலியசாலைத் தெருக்காரர்கள் மட்டும்தான். எல்லாம் ஆன்டெனா மாமாவின் உபயம்.

மாமா டிவி மெக்கானிக், நான் எதிர்வீட்டுக்காரன். பழைய டிவியில் சேனல் வராதபோது ‘உஸ்’ என்ற இரைச்சலோடு புள்ளிகள் துள்ளுமே, அதைக் கோளாறு என்று அவர் ஒப்புக்கொண்டதே இல்லை. ரிப்பேர் முடிந்தாலும் இரண்டு நிமிடம் அந்தப் புள்ளிகளைப் பார்த்த பிறகுதான் டிவி கைக்கு வரும்.

“நன்னா பாரும் ஓய். இதுல கொஞ்சம் புள்ளி ஆதி வெளிச்சமாக்கும். மொதல்ல பிரபஞ்சம் கொதிக்கற கஞ்சி. வெளிச்சத்துக்கு வழியே இல்லை. ஆறினப்புறம் விட்டுது. அன்னிக்குக் கெளம்பினது இப்பத்தான் உம்ம ஆத்துக்கு வரது.”

“ஆன்டெனாவைத் திருப்பினா போயிடுமோ மாமா?”

“எங்கே திருப்பினாலும் ஒரேபோல வரும். அதாக்கும் சாட்சி! ஏதோ ஒரு மூலையில வெடிச்சதில்லை. எல்லா எடமும் ஒண்ணாக் கொதிச்சிருக்கு.”

“செரி மாமா, கிரிக்கெட் வருமோ?” என்பேன் நான்.

அவர் மனைவி விசாலம் மாமிக்கு வாழ்க்கையில் ஒரே ஆசை: தெருச் சங்கத்தின் கொலுப் போட்டியில் முதல் பரிசு. மூன்று வருடமாக இரண்டாவதுதான். அந்த நவராத்திரிக்கு ஒன்பது படி கட்டினார். நடுவர்கள் வரும் நேரத்தில் புடவை மாற்றப் போனார். அந்த இடைவெளி மாமாவுக்குப் போதும். பழைய டிவியை மேல்படியில் ஏற்றி சுவிட்சைப் போட்டார். கொலு ‘உஸ்’ என்றது.

“அய்யோ, டிவி கேடாயோ?” என்றார் நடுவராக வந்த மலையாள டீச்சர். மெக்கானிக் வீட்டில் கேட்கக்கூடாத கேள்வி.

“கேடில்லை டீச்சரே, ஆரம்பமாக்கும். மேல்படிக்கு மூத்ததுதானே வரணும்? அந்தக் கஞ்சியில துளியூண்டு கட்டி இருந்தது. அதுதான் நட்சத்திரக் கூட்டமாச்சு. கட்டி தட்டலைன்னா டீச்சரும் இல்லை, மார்க்கும் இல்லை!”

டீச்சர் இருந்தார், மார்க்தான் இல்லை. மாமிக்கு மூன்றாம் பரிசு.

டிவி ஸ்டோர் ரூமுக்குப் போனது. மாமி பேச்சை நிறுத்தினார். செய்தி என் வழியாகப் போனது.

“காப்பி ஆறறதுன்னு அவர்ட்ட சொல்லுங்கோ.”

“பிரபஞ்சமே ஆறினப்புறம்தான்...” என்று மாமா தொடங்கினார்.

“பதிலை அவரையே வெச்சுக்கச் சொல்லுங்கோ.”

ஆனால் சுண்டலுக்கு வந்த தெருப் பிள்ளைகள் கொலுவைத் திரும்பிப் பார்க்கவில்லை. “மாமி, ஆதி வெளிச்சம் எவிடே?” என்று கேட்டார்கள், இல்லை என்றதும் சுண்டலோடு போய்விட்டார்கள். இரண்டு நாள் இப்படியே நடந்தது.

சரஸ்வதி பூஜையன்று மாமி என்னைக் கூப்பிட்டு டிவியின் ஒரு பக்கத்தைப் பிடிக்கச் சொன்னார். மீண்டும் மேல்படி. திரை ஓரத்தில் சந்தனம், குங்குமம்.

“எல்லாத்துக்கும் மூத்ததை ஸ்டோர் ரூம்லயா வெக்கறது?” என்றார் மாமி, நேராக மாமாவிடம். “பாத்துண்டே நிக்கறேளே, சுவிட்சைப் போடுங்கோ.”

ஆன்டெனா மாமா விளக்கம் சொல்லாமல் சுவிட்ச் போட்டதை அன்றுதான் பார்த்தேன்.

இப்போது நான் வேறு ஊரில். என் புது டிவியில் சிக்னல் போனால் புள்ளிகள் இல்லை, வெறும் நீலத் திரை வருகிறது. ஆதி வெளிச்சத்தை அவர் வாயால் கேட்க உடனே மாமாவுக்கு போன் செய்வேன். இப்போதெல்லாம் சிக்னல் நன்றாக இருக்கும்போதும் செய்கிறேன்.